போட்டோவா, வரைஞ்சதா?

கோளரங்கக் காட்சியில், எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படத்தை, அந்த ஆரஞ்சு வளையத்தை, எப்போதும் கடைசியில்தான் போடுவேன். மங்கலான நட்சத்திரங்கள் தெரியக் கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது வேண்டும். இந்தப் படத்தை முதலில் போட்டால் அவ்வளவும் வீண். அளவையும் 30 டிகிரிக்குள் வைப்பேன். பெரிதாக்கினால் டோமின், அதாவது அரைக்கோளக் கூரைத் திரையின், வளைவில் இழுபட்டு வட்டம் முட்டையாகிவிடும், வெளிச்சம் எதிர்ப்பக்கம் தெறித்து மொத்த டோமும் வெளுத்துப்போகும்.

ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்த அன்றும் இதெல்லாம் சரியாகவே இருந்தது. கிண்டி நெரிசலில் அவர்கள் பஸ் மாட்டியதில் கேள்வி நேரம் 5 நிமிடமாகச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து, "சார், இது போட்டோவா, வரைஞ்சதா?" என்றாள். "போட்டோதாம்மா" என்றேன். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

முழுப் பொய் இல்லை. ஆனால் படம் எடுத்தது 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலையில், அதற்கு நிறமே கிடையாது. ஆரஞ்சு நாம் பூசியது. வானில் வளையத்தின் விட்டம் சுமார் 42 மைக்ரோ ஆர்க்செகண்ட் என்ற மிக நுண்ணிய கோணம்தான், நிலாவில் வைத்த மெதுவடையை இங்கிருந்து பார்ப்பது போல. அதற்குப் பூமி அளவு டிஷ் வேண்டும். 2017 ஏப்ரலில் இதைப் பதிவுசெய்தபோது இருந்தவையோ உலகெங்கும் சிதறிய 8 தொலைநோக்கிகள். அதிலும் தென்துருவத்தில் இருப்பதற்கு எம்87 அடிவானத்துக்கு மேலே வரவே வராது. ஆக 7தான், 5 இடங்களில். எந்த இரண்டைச் சேர்த்தாலும் படத்தைப் பற்றி ஒரு துளி தகவல் கிடைக்கும், பூமி சுழலச் சுழல இன்னும் கொஞ்சம். மீதி காலி. அந்தக் காலியை நிரப்பப் பல வழிகள் உண்டு. ஒரே தரவுக்கு வெவ்வேறு படங்கள் பொருந்தும். அதனால்தான் 4 குழுக்கள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே படத்தை உருவாக்கிப் பார்த்தன. நாலிலும் வளையம் வந்தது. அதன் பிறகுதான் 2019 வெளியீடு.

அவள் கேட்டது இதைத்தான். 5 நிமிடத்தில் எங்கே சொல்வது என்று சமாதானம் செய்துகொள்கிறேன். "வரைஞ்சது" என்றிருந்தால் பின்வரிசைப் பையன்கள் "அப்போ எல்லாம் டுபாக்கூரா?" என்று கிளம்பியிருப்பார்கள். ஸ்கேன் என்று சொல்லியிருக்கலாமோ? வயிற்றிலிருக்கும் குழந்தையின் ஸ்கேனை யாரும் வரைந்தது என்பதில்லை. ஆனால் ஸ்கேனில் நாம் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குகிறோம். இங்கே எதையும் அனுப்பவில்லை, வந்ததை வாங்கினோம். அப்படிப் பார்த்தால் போட்டோதான் கிட்டே வருகிறது. காலியை நிரப்பியதை நினைத்தால் அதுவும் இல்லை.

இப்போது அந்த 4 குழுக்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டுகிறேன். 3 நிமிடம் கூடுகிறது; சனிக்கோளில் வெட்டிக்கொள்கிறேன். அந்தக் கேள்வியை அப்புறம் யாரும் கேட்கவில்லை. நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதாலோ என்னவோ.