கட்டிலுக்கு அடியில் இருந்த புத்தகங்கள்

மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்துக் கட்டிலை நகர்த்தினால் தரை தெரியாது, சித்தப்பாவின் கவிதைத் தொகுப்புதான் தெரியும். 1994இல் ஆயிரம் பிரதி அடித்தார். ஏன் ஆயிரம் என்று கேட்டால், ஆப்செட் அச்சில் பக்கங்களுக்கான தகட்டை, அதாவது பிளேட்டைப் போட்டுவிட்டால் நூறு அடித்தாலும் அந்தச் செலவு அதேதான், காகிதக் காசு மட்டும்தானே கூட என்பார். நூலக ஆர்டரில் ஒரு பங்கு போனது, கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையோடு கொஞ்சம் போனது, மீதியைக் கரையான் வாசித்தது.

போன மாதம் என் புத்தகம் வந்தது, முப்பது பிரதி. பிஓடி, அதாவது கேட்ட அளவுக்கு மட்டும் அடித்துத் தருவது. பிளேட் கிடையாது, பிடிஎஃப் அனுப்பினால் போதும். ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஆப்செட்டை விடக் கூடத்தான், ஆனால் கட்டிலுக்கு அடியில் பணம் முடங்காது. ஈபுக்தான் பதிப்புத் தொழிலைப் புரட்டிப்போடும் என்று எத்தனை வருஷமாகச் சொன்னார்கள்! என்னைக் கேட்டால் புரட்டிப்போட்டது இந்த முப்பதுதான். குறை இல்லாமல் இல்லை, நாலு பிரதியில் பசை விட்டு அட்டை கையோடு வந்துவிட்டது.

அமேசானின் ஈபுக் கடையான கிண்டிலுக்குத் தமிழ் வந்தது 2016 கடைசியில். அதில் அன்லிமிடெட் என்று ஒரு சந்தாத் திட்டம், வாசகர் எத்தனை பக்கம் படித்தார் என்று எண்ணித்தான் எழுதியவருக்குக் காசு.

"அப்போ பாதியில மூடி வெச்சா பாதிக் காசாடா?" என்றார் சித்தப்பா.

ஆமாம். நாற்பது பக்கக் கதை நானூறு பக்கத்துக்கு இழுபடுவது இதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

காகிதக் கணக்குப் பார்த்து அச்சுத் தொழில் மாறுவது நம்ம பக்கத்துக்குப் புதிதும் இல்லை. இங்கிருந்து பஸ் ஏறினால் தரங்கம்பாடி. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து அங்கே வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிசு பெரிசாக இருந்து காகிதத்தைத் தின்றன. அங்கே இருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு குழுவினர் அங்கேயே சின்ன எழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அடித்து முடித்தார்கள். பொறையாறு பக்கம் காகித ஆலைகூடப் போட்டுப் பார்த்தார்கள்.

சரி, சித்தப்பாவின் தொகுப்பையும் பிஓடியில் கொண்டுவரலாம் என்று கரையான் தொடாத ஒரு பிரதியை எடுத்து டைப் அடிக்க உட்கார்ந்தேன். 48ஆம் பக்கத்துக்கு அப்புறம் 65. பதினாறு பக்கம், ஒரு பாரம் முழுசாக பைண்டிங்கில் விட்டுப்போயிருக்கிறது. வீட்டில் தேறிய பதினொரு பிரதியும் அப்படியே. கையெழுத்துப் படி எப்போதோ போய்விட்டது. முப்பது மட்டும் அடித்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஆயிரம் அடித்ததால் ஒரு நப்பாசை, நூலக ஆர்டரில் போன ஏதோ ஒரு பிரதியிலாவது அந்தப் பாரம் இருக்காதா?

குத்தாலம் கிளை நூலகத்தில் பார்த்துவிட்டேன், இல்லை. அடுத்த சனிக்கிழமை சீர்காழி.