ரெய்க் கிராமமும் பிடி அரிசியும்

மிசோரம் போறவங்களுக்கு முதல்ல ஒன்னு சொல்லிடறேன், ஞாயித்துக்கிழமை ஊருக்குள்ள ஒரு டீக்கடை கூட திறந்திருக்காது, பிஸ்கட் தண்ணி எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வச்சுக்கோங்க. வெளி மாநிலத்துக்காரங்க உள்ள போக வாங்க வேண்டிய இன்னர் லைன் பெர்மிட் லெங்புய் ஏர்போர்ட்லயே கிடைக்கும். தலைநகர் ஐசால்ல இருந்து ரெய்க் கிராமம் 30 கிலோமீட்டருக்குள்ளதான், ஆனா ரோடு அப்படி, சுமோல முன்சீட் கிடைச்சா விடாதீங்க. ரெய்க் மலை உச்சி, டூரிஸ்டுக்காக கட்டி வச்சிருக்கற பழைய மிசோ வீடுங்க இதெல்லாம் பத்தி ஏற்கனவே நிறைய பேர் எழுதியாச்சு, நான் சொல்ல வர்றது நான் தங்கின வீட்டு அடுப்படியை பத்தி.

அடுப்புக்கு மேல மூங்கில் பரண், அதுல கறுத்து போய் தொங்குற பன்னிக்கறி, புகையிலயே பதமாகுறது, அதை கடுகுக்கீரையோட போட்டு எண்ணெயே இல்லாம ஒரு குழம்பு, பாய்னு சொல்றாங்க, முதல் நாள் சப்புனு இருந்துச்சு அப்புறம் நானே ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். இங்க காலைல ஒன்பது மணிக்கே முழு சோறு, ராத்திரி சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடும். அந்த வீட்டம்மா உலைல போட அரிசி அளக்குறப்ப ஒரு கை அள்ளி பக்கத்துல இருந்த டப்பால போட்டாங்க. மறுபடி சாயங்காலமும் அதே மாதிரி. காலேஜ் படிக்கிற அவங்க பொண்ணுதான் எனக்கு இங்கிலீஷ்ல சொல்லுச்சு, இது புஹ்ஃபாய் தாம், சர்ச்சுக்கு எடுத்து வைக்கிற அரிசின்னு. அட நம்ம ஊரு பிடி அரிசி!

1910ல ஆரம்பிச்ச பழக்கம் இது. கையில காசு புழங்காத காலம், மலைச்சரிவுல காட்டை எரிச்சு விதைச்சு வர்ற நெல்லுதான் எல்லாமே, காணிக்கை கேட்டா பொம்பளைங்க எதை குடுப்பாங்க, உலை அரிசில இருந்து ஒரு கை. வீடு வீடா போய் சேர்த்து வித்து காசாக்கி சர்ச் வேலைக்கும் மிஷனரி அனுப்பவும் குடுக்கறாங்க. லொரெய்ன், சாவிட்ஜ்னு ரெண்டு மிஷனரிங்க 1894 ஜனவரி 11ல மிசோரம்ல வந்து இறங்கி ரோமன் எழுத்துல மிசோ மொழிக்கு அரிச்சுவடி போட்டாங்க, முதல் ஞானஸ்நானம் 1899ல, 2011 சென்சஸ்ல மாநிலத்துல 87 சதவீதம் கிறிஸ்தவங்க. மிஷனரி வந்து இறங்கின இதே மலைல இருந்து இப்ப வெளி மாநிலங்களுக்கு மிஷனரி போறாங்க, அதுக்கு இந்த டப்பா அரிசியும் ஒரு காரணம்.

ஞாயிறு ஆராதனைல ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம். எனக்கு ஆச்சரியம் பாட்டு புக்தான், சரிகம மாதிரி டோ ரே மீ எழுத்துலயே நாலு குரலுக்கும் போட்டிருக்கு, அவங்களுக்கு அப்புறம் வந்த வேல்ஸ் நாட்டு மிஷனரிங்க கத்துக்குடுத்தது, சின்ன பசங்க கூட பாத்து பாடுறாங்க. ஆனா சாயங்காலம் லெங்க்காம்னு ஒன்னு நடந்துச்சு பாருங்க, அதுல வேல்ஸ் வாடையே இல்லை. ஒருத்தர் அடுத்த வரியை எடுத்து குடுக்க எல்லாரும் இழுத்து இழுத்து மெதுவா பாட, நடுவுல குவாங், அதான் மேளம், ஒரே சீரா விழுது, வயசானவங்க எழுந்து வட்டமா ஆடுறாங்க. ஆரம்பத்துல இந்த மேளத்தை பழைய மதத்தோட சாராய விருந்தோட சேர்ந்ததுன்னு சர்ச்சுக்குள்ளயே விடல, 1919ல வந்த எழுப்புதல், அதாவது பெரிய பக்தி அலை, அதுக்கு அப்புறம்தான் உள்ள வந்துச்சு. என்னை கேட்டா மேளம் வந்த அன்னைக்குதான் சர்ச் இவங்களோடதா ஆச்சு.

சாவு வீடுன்னா ஒய்எம்ஏ, 1935ல ஆரம்பிச்ச யங் மிசோ அசோசியேஷன், ஸ்பீக்கர்ல சொன்னவுடனே பசங்க மண்வெட்டி எடுத்துட்டு குழி வெட்ட கிளம்பிடறாங்க, கூலியெல்லாம் கிடையாது, ராத்திரி ராத்திரியா அந்த வீட்ல உக்காந்து பாடுறாங்க. நல்ல விஷயம்தான், ஆனா ஊரே சேர்ந்து செய்யறப்ப ஒருத்தன் வரலைன்னா அதையும் ஊரே பாக்கும், அது எனக்கு கொஞ்சம் மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு.

இன்னொன்னும் உறுத்துச்சு. நான் பாத்த ஆராதனைல மேடைல இருந்தவங்க மொத்தமும் ஆம்பளைங்க, அரிசி எடுத்து வைக்கிறதும் வீடு வீடா சேர்க்கிறதும் பொம்பளைங்க. பொண்ணுகிட்ட கேட்டேன், அது அம்மாகிட்ட மிசோல கேட்டு, ரெண்டு பேருமா ரொம்ப நேரம் பேசிக்கிட்டாங்க, கடைசில எனக்கு வந்த பதில், "அம்மா சொல்றாங்க, அரிசி நிறுத்தினா தெரியும்."