கேமரா டிராப் வச்சு புலி, சிறுத்தை எண்ணப் போறீங்களா? என் ப்ராஜெக்ட் அனுபவம்

எம்எஸ்சி ப்ராஜெக்டுக்கு மழைக்காட்டுல 50 நாள் கேமரா டிராப் (மிருகம் கடந்து போனா தானா படம் எடுக்கற கேமரா) சர்வே பண்ணேன், அடுத்து பண்ணப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதறேன்.

ஒவ்வொரு ஸ்டேஷன்லயும், அதாவது கேமரா வைக்கற இடத்துலயும், ரெண்டு கேமரா கண்டிப்பா வைங்க. புலியோட வரி நம்ம கைரேகை மாதிரி, ஆனா ஒரே புலிக்கே இடது பக்கம் வேற வலது பக்கம் வேற, அதனால இடது பக்கப் படம் ஒரு இடத்துலயும் வலது பக்கப் படம் இன்னொரு இடத்துலயும் தனித்தனியா கிடைச்சா அது ஒரு புலியா ரெண்டு புலியான்னு சொல்லவே முடியாது. பாதைக்கு ரெண்டு பக்கமும் வைங்க, ஆனா நேருக்கு நேரா வேணாம், கொஞ்சம் தள்ளி வைங்க, இல்லன்னா ஒண்ணோட ஃப்ளாஷ் இன்னொண்ணோட படத்தை வெளுத்துடும். உயரம் முழங்கால் அளவு, 40-50 செ.மீ. போதும். வச்சு முடிச்சதும் நீங்களே நாலு கால்ல தவழ்ந்து போய் பாருங்க, படம் விழலன்னா கோணம் தப்பு.

நான் பண்ண பெரிய தப்பு தேதி. ஒரு கேமராவுல பேட்டரி மாத்தினப்ப கடிகாரம் ரீசெட் ஆயிருச்சு, நான் கவனிக்கவே இல்ல. கார்டை எடுத்துட்டு வந்து பாத்தா சிறுத்தையோட இடது பக்கம் ஒரு கேமராவுல, வலது பக்கம் இன்னொண்ணுல, நேரம் மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. மான், காட்டுப்பன்னி வந்த வரிசைய ரெண்டு கேமராவுலயும் பக்கத்துல பக்கத்துல வச்சு எவ்ளோ வித்தியாசம்னு கண்டுபிடிக்கவே மூணு நாள் போச்சு. ஒரு சிலேட்டுல தேதி, நேரம், ஸ்டேஷன் நம்பர் எழுதி ஒவ்வொரு தடவையும் ரெண்டு கேமராவுக்கும் நடுவுல காட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை அது.

சென்சார் பிடிக்கறது சூடு நகர்றதைத்தான். உச்சி வெயில்ல சுத்துப்புறமே உடம்பு சூட்டுக்கு வந்துட்டா மிருகம் போனாலும் விட்டுடும், அதே வெயில் பட்ட இலை ஆடினா சும்மா சும்மா எடுத்துத் தள்ளும். முன்னாடி இருக்கற செடிய வெட்டுங்க, உதய திசையப் பாத்து வைக்காதீங்க. ஈரத்துக்கு சிலிக்கா ஜெல், பெட்டிக்குள்ள எறும்பு கூடு கட்டும், அதையும் பாத்துக்கோங்க.

சிறுத்தைய புள்ளிய வச்சுதான் அடையாளம் பாப்போம், கருஞ்சிறுத்தைக்கு புள்ளி தெரியாதேன்னு பயப்பட வேணாம். மலேசிய தீபகற்பத்துல பெரும்பாலும் கருஞ்சிறுத்தைதான், அங்க லைட் சென்சாரை மறைச்சு பகல்லயும் நைட் மோடுலயே ஓடவிட்டாங்க, இன்ஃப்ராரெட்ல புள்ளி தெளிவா விழுந்துச்சு. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா அது.

படத்துல விழுந்த எண்ணிக்கைய அப்படியே மொத்த எண்ணிக்கைன்னு எழுதிடாதீங்க. புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகாவுல இருக்கற நாகரஹோளே காட்டுப் புலிகளுக்கு இந்த முறைல பண்ண வேலை 1995ல வந்துச்சு, விழாம போனது எவ்ளோன்னு மறுபடி மறுபடி விழுந்ததை வச்சு கணக்கு போடறதுதான் அதோட உயிரே. அதுக்கு ஒரு பெட்டைப் புலி நடமாடற பரப்புக்குள்ள கேமராவே இல்லாத ஓட்டை இருக்கக் கூடாது.

ப்ராஜெக்ட் வைவால (வாய்மொழித் தேர்வு) என்கிட்ட கேட்ட முதல் கேள்வி "ஏன் 50 நாள், ஒரு வருஷம் வைக்கலாமே?" அத்தனை நாள் வச்சா நடுவுல குட்டி பிறக்கும், சிலது சாகும், புதுசு உள்ள வரும், எண்ணிக்கை மாறலன்னு வச்சுதான் கணக்கே நிக்குதுன்னு சொன்னேன், அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.