ஆறு மாதம் வரை காத்திருந்தது என் தவறு

எங்கள் மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட தெருப்பூனையின் பெட்டைக் குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தேன். கருத்தடை அறுவை சிகிச்சைக்கு ஆறு மாதம் நிறையட்டும் என்று மருத்துவர் ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். ஆறாம் மாதம் நிறைவதற்குள் அதன் முலைக்காம்புகள் சிவந்து தடித்து, வயிறு இருபுறமும் புடைத்துவிட்டது. தானே இன்னும் குட்டியாக இருந்த அது மூன்று குட்டிகளை ஈன்றது, ஒன்றுதான் பிழைத்தது.

பூனை நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும் என்பதையும், ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் ஈன்றுவிட்டுப் பாலூட்டும்போதே மறுபடியும் சினையாகும் என்பதையும் அதன்பிறகுதான் படித்தேன். ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட வேண்டும் என்ற பரிந்துரையை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017ஆம் ஆண்டிலேயே ஏற்றிருக்கிறது. அந்நாட்டுக் காப்பகங்களில் எட்டு வாரக் குட்டிக்குக்கூட, எடை ஏறத்தாழ ஒரு கிலோவை எட்டினால், இதைச் செய்கிறார்கள்.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே, பாவம்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவருடைய இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருமுறை ஈன்றால் உடலுக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. பூனைகளுக்கு வரும் மார்புக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். ஆறு மாதத்துக்குள் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றினால் அந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது.

சிறு குட்டிக்கு மயக்க மருந்து தாங்குமா என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. குட்டியின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், இரத்தச் சர்க்கரையும் விரைவில் இறங்கிவிடும் என்பதால், பெரிய பூனையைப்போல் இரவு முழுவதும் பட்டினி போடக்கூடாது. எத்தனை மணி நேரம் உணவை நிறுத்த வேண்டும், மேசையில் சூடு கொடுக்க வசதி உண்டா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றபடி, வயிற்றில் கொழுப்பு குறைவாக இருப்பதால் அறுவை எளிதாகிறது, இரத்தப்போக்கு குறைகிறது, குட்டியும் விரைவில் கண் விழித்துவிடுகிறது. கடுவன் குட்டிக்குச் சிறுவயதில் செய்தால் சிறுநீர்க் குழாய் குறுகிவிடும் என்றும் சொல்வார்கள். ஆய்வுகளில் அப்படி வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

பிழைத்த அந்தக் குட்டிக்கு, வேறொரு மருத்துவரிடம், நான்காம் மாதத்தில் செய்தேன். எடை 1.6 கிலோ. வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழித்த வயிற்றில் என் கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத தையல். மாலையில் தள்ளாடியபடி எழுந்து வந்து, மசித்த மீனைத் தின்று முடித்துக் கிண்ணத்தையும் நக்கியது. அதன் தாய்க்கும், பால் மறந்தபின், செய்தாயிற்று.

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பாட்டிப் பூனைதான் இன்னும் கைக்கு அகப்படவில்லை. தினமும் கூண்டுக்குள் மத்தி மீன் வைத்துப் பழக்குகிறேன். நேற்று முன்னங்கால்கள் இரண்டையும் உள்ளே வைத்தது.