வத்தல்மலையில் ஒரு காப்பிக் களம்

தை மாதக் காலையில் தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு வண்டியை விட்டேன். கொண்டை ஊசி வளைவுகள் ஏற ஏற வெயில் தணிந்து, சில்வர் ஓக் மர நிழல் வந்துவிட்டது. அதன் அடியில்தான் காப்பிச் செடிகள். மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது.

ஒரு வீட்டுக் களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. கறுத்துச் சுருங்கியவை ஒரு பக்கம், அன்று பறித்த சிவப்பு ஒரு பக்கம். கையால் துழாவிவிட்டுக்கொண்டிருந்த அம்மா, "வாயில் போட்டுப் பார் கண்ணு" என்று ஒரு பழத்தைக் கொடுத்தார். தோலைக் கடித்ததும் மெல்லிய இனிப்பு. வழவழப்பான சதைக்குள் முகத்தோடு முகம் ஒட்டிப் படுத்த இரண்டு கொட்டைகள். காப்பி மணம் துளியும் இல்லை. அது வறுத்தால்தான் வரும்.

இந்தக் கொட்டை சுற்றிவந்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. எத்தியோப்பியக் காட்டுச் செடி, ஏமனில் பயிராகி, மோக்கா துறைமுகத்தில் கப்பலேறியது. பாபா புதன் என்ற சூஃபி ஞானி ஏழு கொட்டைகளை மறைத்து எடுத்துவந்து சிக்கமகளூரு மலையில் ஊன்றினார் என்பது 17ஆம் நூற்றாண்டைப் பற்றிய வழக்கு. 1690களில் டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்து ஜாவாவுக்குச் செடி கொண்டுபோனார்கள். ஜாவாவிலிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாம். அங்கிருந்து 1714இல் பிரெஞ்சு மன்னருக்கு ஒரு செடி பரிசு. 1720களில் கரீபியன் கடலின் மார்டினிக் தீவிலும் பிரேசிலிலும் காப்பி வேர்விட்டுவிட்டது. நம் மேற்குக் கரையைத் தொட்டுப் போன வம்சம் அது!

அந்தப் பெருக்கத்துக்கு உரமானது அடிமைகளின் உடம்பு. பிரேசில் அடிமை முறையை ஒழித்ததே 1888இல்தான். நம் மக்களும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாகக் கண்டி மலைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பியை அழித்தது. அந்த மலைகளில் தேயிலை வந்தது. கூலிகள் அதே கூலிகளாக இருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

அம்மா வெல்லம் போட்ட கடுங்காப்பி கொடுத்தார். கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டேன். "வியாபாரி சொல்வதுதான் விலை" என்றார். அந்த வியாபாரியும் விலையை வெளியிலிருந்துதான் வாங்குகிறார். பிரேசிலில் 1975இல் உறைபனி விழுந்தது, உலகெங்கும் காப்பி விலை ஏறியது. அங்கே மழை பொய்த்ததால் 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு அராபிகா வகைக் காப்பி 4 டாலரைத் தாண்டியது. அந்தச் சந்தையில் விலையைப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு களத்தைத் துழாவியிருப்பார்கள்?

கிளம்பும்போது, குத்தித் தோல் நீக்கிய கொட்டை ஒரு கிலோ கேட்டேன். "விலையை நீங்களே சொல்லுங்கள் அம்மா, நான் பேரம் பேச மாட்டேன்" என்றேன். களத்தைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார். பிறகு வியாபாரி கொடுக்கும் விலையையே சொன்னார்.