பெரிய ரிசீவரின் எடை எதனால் ஆனது?

ஹோம் தியேட்டர் ரிசீவர் (படத்தின் ஒலியை வாங்கிப் பெருக்கி, பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஒன்றைப் பற்றி யாராவது என்னிடம் கருத்துக் கேட்டால், வாட் கணக்கையும், எத்தனை ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியே ஒலி தரும் என்ற சேனல் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன்பாக, விவரக் குறிப்பின் கடைசி வரிகளில் ஒதுங்கியிருக்கும் எடையைத்தான் முதலில் தேடுகிறேன். டெனான் 2023-இல் கொண்டுவந்த ஏவிசி-ஏ1எச் 32 கிலோ. யமஹா 2007-இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்-இசட்11 ஏறத்தாழ 34 கிலோ. கடைகளில் பரவலாக விற்கும் 7 சேனல் ரிசீவரோ 10 கிலோவை ஒட்டியே நிற்கும். இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி இரும்பும் செம்பும் அலுமினியமும்தான். அவை மூன்றும் ஒலியின் பொருட்டே அங்கே இருக்கின்றன. பெரிய ரிசீவர்கள் மீது எனக்குள்ள தீராத ஈர்ப்பு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூடியைக் கழற்றிய ஒரு பெரிய ரிசீவரை மேலிருந்து பார்த்திருப்பவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். (மின் இணைப்பைத் துண்டித்து நெடுநேரம் கழிந்த பிறகே மூடியைத் தொட வேண்டும், உள்ளே தங்கியிருக்கும் மின்னூட்டம் ஆபத்தானது.) முன்பக்க நடுவில், தனி உலோக உறைக்குள், இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்க வேண்டிய அளவில் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் குளிர்பானக் கேன் பருமனில் இரண்டு கெபாசிட்டர்கள் நிற்கும். இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி, முன்னிருந்து பின்வரை, சூட்டை உறிஞ்சிக் காற்றில் விடும், வரிவரியாகத் தகடுகள் கொண்ட அலுமினிய ஹீட் சிங்க் ஓடும். ஒவ்வொரு சேனலுக்கும் உரிய பவர் டிரான்சிஸ்டர்கள் அதன்மேல் திருகி முடுக்கப்பட்டிருக்கும். டால்பி, டிடிஎஸ், எச்டிஎம்ஐ என்று விளம்பரத்தில் முழங்கும் அத்தனையும் பின்பக்கத்தில் சில மெல்லிய பலகைகளுக்குள் அடங்கிவிடும். அந்தப் பெட்டியின் இடத்தையும் எடையையும் பெரிதும் விழுங்குவது டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டர்களும் சேர்ந்த மின்வழங்கிதான். விலையிலும் அதற்குக் கணிசமான பங்கு உண்டு.

இந்தப் பருமனுக்கு ஒரு வரலாறு உண்டு. அது ஹோம் தியேட்டருக்கு முந்தையது. 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்கச் சந்தையில் ஆம்ப்ளிஃபயர்களின் வாட் கணக்கை நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி எழுதிவந்தன. ஒரு கணத் துடிப்பில் கிடைக்கும் உச்சத்தை அளந்து, அதையும் இரட்டித்து அச்சிட்டவர்கள் இருந்தார்கள். 1974-இல் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு விதியைக் கொண்டுவந்து இதற்குக் கடிவாளமிட்டது. தொடர்ச்சியாகத் தரக்கூடிய வாட்டையே குறிப்பிட வேண்டும். எந்த அதிர்வெண் வரம்பில், எவ்வளவு ஒலிச்சிதைவோடு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன்பு, மொத்தத் திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணிநேரம் கருவியை ஓட்ட வேண்டும் என்றது அவ்விதி. இவற்றில் கடைசி நிபந்தனைதான் என் பார்வையில் மிக முக்கியமானது. இத்தகைய ரிசீவர்களில் வழக்கமான ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் தன் உச்சத்தில் ஓடும்போதைவிட ஏறக்குறைய அந்த மூன்றில் ஒரு பங்கு நிலையில்தான் அதிகமாகச் சூடாகும். ஆகவே பெரிய வாட் எண்ணை அச்சிட விரும்பிய நிறுவனத்துக்குப் பெரிய ஹீட் சிங்க்கையும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளே வைப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய, அமெரிக்கப் பெயர்களுக்கு இடையே நடந்த போட்டியை ஒலிப்பிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1976-இல் பயனியர் எஸ்எக்ஸ்-1250 சேனலுக்கு 160 வாட் கொடுத்தது. 1978-இல் அதே நிறுவனத்தின் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட்டை எட்டியது. எடை 35 கிலோவுக்கு மேல். மராண்ட்ஸ் 2600 சேனலுக்கு 300 வாட் என்றும், டெக்னிக்ஸ் எஸ்ஏ-1000 சேனலுக்கு 330 வாட் என்றும் வந்து நின்றன. இவை எல்லாம் வெறும் இரண்டு சேனல் ஸ்டீரியோ ரிசீவர்கள். மரப்பெட்டிக்குள் துலக்கிய அலுமினிய முகப்பும், ஊசி அசையும் மீட்டர்களும், பாரமான டியூனிங் குமிழுமாக அவை இன்றும் பழைய பொருள் சந்தையில் நல்ல விலைக்குப் போகின்றன. அரை நூற்றாண்டை நெருங்கும் அவற்றில் பல, பழுதடைந்த கெபாசிட்டர்களை மாற்றிய பிறகு முன்போலவே பாடுகின்றன.

ஹோம் தியேட்டர் வந்தபோது இரண்டு சேனல் ஐந்தாயிற்று, பிறகு ஏழாயிற்று. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் முறை 2014-இல் வீட்டுக்குள் நுழைந்ததும் கூரையிலும் ஸ்பீக்கர்கள் ஏறின. 2018-இல் டெனான் ஏவிசி-எக்ஸ்8500எச் ஒரே பெட்டிக்குள் 13 ஆம்ப்ளிஃபயர்களை வைத்தது. மேலே சொன்ன ஏ1எச்-இல் 15 இருக்கின்றன. இரண்டுமே ஜப்பானின் ஷிரகவா ஆலையில் தயாரானவை. ஆனால் சேனல்கள் பெருகியபோது பழைய விதியின் கூர்மை மழுங்கிவிட்டது. இன்று ஒரு ரிசீவரின் அட்டைப்பெட்டியில் "சேனலுக்கு 150 வாட்" என்று இருந்தால், இரண்டு சேனல்களை மட்டும் ஓட்டி அளந்த கணக்கு அது என்று சிறு எழுத்தில் எழுதியிருக்கும். பதினைந்தையும் ஒருசேர ஓட்டினால் அதே எண் கிடைக்காது, கிடைக்கவும் முடியாது. 15-ஐ 150-ஆல் பெருக்கினால் 2,250 வாட். அமெரிக்க வீட்டின் சாதாரண 120 வோல்ட், 15 ஆம்பியர் சுற்று தரக்கூடியதே 1,800 வாட்தான். நம் ஊரில் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக்கின் எல்லை 1,380 வாட். சுவரிலிருந்தே வராத மின்சாரத்தை எந்தப் பெட்டியும் தொடர்ச்சியாகத் தந்துவிட இயலாது.

அப்படியானால் எடைக்கு என்ன பொருள்? திரைப்பட ஒலி என்பது தொடர்ச்சியான ஒரு ஓசையன்று. பேச்சும் மழையும் காலடியுமாக நெடுநேரம் தாழ்ந்தே ஓடி, ஒரு கதவு அறைந்து சாத்தப்படும் கணத்தில் மட்டும் பன்மடங்கு உயர்ந்து, உடனே அடங்கிவிடுவது அதன் இயல்பு. அந்தக் கணத்துக்குத் தேவையான மின்சாரத்தைச் சுவரிலிருந்து அப்போதே இழுக்க வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டியில் முன்கூட்டியே ஏற்றி வைத்த நீரைப்போல, கெபாசிட்டர்கள் அதைச் சேமித்து வைத்துக் கொடுக்கின்றன. தொட்டி சிறியதாக இருந்தால், பல சேனல்கள் ஒரே நேரத்தில் கேட்கும்போது மின்னழுத்தம் தொய்கிறது. தொய்ந்த மின்னழுத்தத்துக்கு மேல் எழ முடியாத ஒலியலையின் முகடு வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட ஒலி காதுக்குக் கரகரப்பாகவும் இறுக்கமாகவும் கேட்கும். நாம் "சத்தம் அதிகம்" என்று ரிமோட்டைத் தேடும் பல தருணங்களில், உண்மையில் நம்மை உறுத்துவது அந்தச் சிதைவு.

எவ்வளவு வாட் தேவை என்பதை ஒவ்வொருவரும் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபல் (ஒலியின் உரப்பைக் குறிக்கும் அலகு) தரும் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். வீட்டு ஸ்பீக்கர்களில் இது மிகச் சாதாரணமான உணர்திறன். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 9.5 டெசிபல் குறைந்து 77.5 ஆகிறது. திரையரங்க அளவுகோலின்படி ஒவ்வொரு முதன்மைச் சேனலும் உச்சத்தில் 105 டெசிபலை எட்ட வேண்டும். மீதமுள்ள 27.5 டெசிபலை எட்ட ஏறத்தாழ 560 வாட் வேண்டும்! அறையின் சுவர்கள் எதிரொலித்துத் தரும் உதவியைக் கழித்தாலும் 280 வாட்டை ஒட்டி நிற்கும். ஆனால் அதே அளவுகோலிலிருந்து 15 டெசிபல் இறக்கி, அதாவது மாஸ்டர் வால்யூமை −15-இல் வைத்துக் கேட்டால், 560 வாட் 18 வாட்டாகச் சுருங்கிவிடும். குடும்பத்தோடு இரவில் படம் பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் −20-ஐத் தாண்டுவதே அரிது. அங்கே 6 வாட் போதும்.

இந்தக் கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. 100 வாட் ரிசீவரை விட்டு 150 வாட் ரிசீவருக்கு மாறுவதால் கிடைப்பது 1.8 டெசிபலுக்கும் குறைவு; அந்த வேறுபாட்டுக்காக மட்டும் பணம் கொடுப்பது வீண். ஒலியைக் கூட்டுவதுதான் நோக்கம் என்றால் 93 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கரை வாங்குவது, ஆம்ப்ளிஃபயரை நான்கு மடங்கு பெரிதாக்குவதற்குச் சமம். இரண்டாவது, காகிதத்தில் எட்டு ஓம் (மின்தடையின் அளவு) என்று இருக்கும் ஸ்பீக்கர், சில அதிர்வெண்களில் நான்கு ஓமுக்கும் கீழே இறங்குவதும் உண்டு. அங்கே அது கேட்பது அதிக மின்னோட்டத்தை. சிறிய ரிசீவர் இந்த இடத்தில்தான் மூச்சு வாங்குகிறது. சூட்டைக் கட்டுப்படுத்தப் பாதுகாப்புச் சுற்று குறுக்கிடுகிறது. சிலவற்றில் நான்கு ஓம் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், அது உள் மின்னழுத்தத்தைக் குறைத்து இருக்கும் திறனையும் சுருக்கிவிடுகிறது. பெரிய ரிசீவர் அதே சுமையைச் சலனமின்றி ஏற்கிறது. எண்களில் அகப்படாத, ஆனால் கேட்கும்போது தெளிவாகப் புலப்படும் அமைதி அது: ஐம்பது பேர் வாத்தியக் குழு உச்சத்துக்குப் போகும்போதும் பின்வரிசைப் புல்லாங்குழல் தன் இடத்திலேயே இருக்கிறது, நடுச் சேனலில் பேசுபவரின் குரல் குண்டு வெடிப்புக்கு நடுவிலும் மெலிவதில்லை.

இந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. ஒன்றும் பாடாமல் வெறுமனே விழித்திருக்கும் நிலையிலேயே இத்தகைய பெட்டி 100 வாட் அளவுக்கு மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அது முழுவதும் வெப்பமாகவே அறைக்குள் வரும். கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் இதை அடைத்து வைப்பது பாதகம். மேலே ஓரடியாவது காற்றோட்டம் வேண்டும், பலகை 30 கிலோவைத் தாங்க வேண்டும், 16 ஆம்பியர் பிளக் இருந்தால் நல்லது.

இதைவிடப் பெரிய துயரம் வேறொன்று. நாற்பது ஆண்டு உழைக்கக்கூடிய மின்வழங்கியின் மேல், ஐந்து ஆண்டில் பழையதாகிவிடும் டிஜிட்டல் பலகை உட்கார்ந்திருக்கிறது. யமஹா இசட்11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 11 ஆம்ப்ளிஃபயர்கள், அவற்றில் 7 சேனல்களுக்கு 140 வாட், முன்னும் பின்னும் உயரத்தில் மாட்டும் ஸ்பீக்கர்களுக்கெனத் தனியே 50 வாட் வீதம் நான்கு. உயரத்திலிருந்து வரும் ஒலியை அட்மாஸுக்கு ஏழு ஆண்டுகள் முன்பே நினைத்துப் பார்த்த கருவி அது. ஆயினும் அட்மாஸ் வந்தபோது அதைப் படித்தறிய அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை. இன்றைய 4கே எச்டிஆர் படத்தைக் கடத்திவிடவும் அதன் எச்டிஎம்ஐ இணைப்புகளால் இயலாது. ஆம்ப்ளிஃபயர்களில் ஒரு குறையும் இல்லாத நிலையில், பெட்டி மட்டும் காலாவதியாகிவிட்டது என்பது எனக்கு இன்றும் ஆற்றாமையைத் தருகிறது. 2021-இல் டெனான், எக்ஸ்8500எச் வைத்திருந்தவர்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு எச்டிஎம்ஐ பலகையை மட்டும் மாற்றி 8கே வசதி செய்து கொடுத்தது. இந்தப் பண்பாடு விதிவிலக்காக இல்லாமல் விதியாக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். 30 கிலோ உலோகத்தைத் தூக்கி எறியவைப்பது ஒரு கையகலப் பலகையாக இருக்கக்கூடாது.

அதுவரை நம் கையில் ஒரு வழி இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய ரிசீவர்கள் பலவற்றின் பின்பக்கத்தில் "மல்டி சேனல் இன்புட்" என்ற பெயரில் ஏழெட்டு ஆர்சிஏ துளைகள் (ஒலி ஒயர் செருகும் வட்டத் துளைகள்) வரிசையாக இருக்கும். பிரீ-அவுட் வசதியுள்ள, அதாவது ஸ்பீக்கருக்கேற்பப் பெருக்கும் முன்பே ஒலியை வெளியே தரும் இன்றைய நடுத்தர ரிசீவர் ஒன்றை வாங்கி, அதன் பிரீ-அவுட்டிலிருந்து இந்தத் துளைகளுக்கு ஆர்சிஏ ஒயர்களை இழுத்துவிட்டால், அட்மாஸைப் படிக்கும் வேலையைப் புதியது பார்த்துக்கொள்ளும். ஸ்பீக்கரை ஓட்டும் பாரத்தைப் பழையது சுமக்கும். தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபரை நேரடியாகப் புதிய ரிசீவரிலேயே இணைத்துவிடலாம், கூரை ஸ்பீக்கர்களையும் அதுவே ஓட்டட்டும். பழையதன் வால்யூமை ஓர் அளவில் நிறுத்தி, எந்த எண்ணில் நிறுத்தினோம் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் புதிய ரிசீவரின் மைக்கை வைத்து அறை அளவீட்டை ஓட்ட வேண்டும். பின்னர் யாராவது பழையதன் குமிழைத் திருப்பிவிட்டால் சேனல்களுக்கு இடையிலான சமன் குலைந்துவிடும் என்பதால், குறித்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன் பக்கவாட்டில் ஒட்டிவிடுவது உத்தமம்.