பணிக்கரின் கோடு

மண்டபம் கடற்கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவரை நேற்று மாலை வரைந்துகொண்டிருந்தபோது ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் நினைவு வந்தது. 1963-இல் தொடங்கிய அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டங்களும் மலையாள எழுத்தை ஒத்த கீற்றுகளும் நிறைந்திருப்பதைக் கண்டு, அவர் மனித உருவத்தைத் துறந்துவிட்டதாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1950-களில் அவர் தீட்டிய உருவங்களிலேயே தசையின் கனத்தைவிட எல்லைக்கோடுதான் ஓங்கி நிற்கிறது. அந்தக் கோடே பின்னாளில் உடலைச் சுற்றுவதை விட்டு எழுத்தாக ஓடுகிறது என்பது என் எண்ணம். மூன்றாவது முயற்சியில் பெரியவரின் முதுகு, என் தாளில் ஏறத்தாழ ஒரு பிள்ளையார் சுழியாகிவிட்டது. எட்டிப் பார்த்தவர், “இதுல நான் எங்க இருக்கேன் தம்பி?” என்றார்.